ஏழு பேர் ஏறினால் மட்டும் வரும் சத்தம்

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லிப் பட்டறைக்குப் போனால், முதலில் வரும் கேள்வி "எங்க வருது சார்?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வி மேல் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிந்தால் நானே குனிந்து பார்த்திருப்பேனே. அதுவும் ஃபிரேம் மேல் பாடி உட்காரும் பெரிய வண்டிகளில், காதை நம்பி இடத்தைச் சொல்வது கஷ்டம். ஒலி காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகும். இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல் போகும். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் பக்கம் விழும் ஓர் அடி ஃபிரேம் வழியாக ஓடி, நடுவில் எங்கோ ஒரு தகட்டை அதிரவைத்து, அங்கிருந்துதான் நம் காதுக்கு வந்து சேரும். ஓட்டுகிறவர் முன் இடது சக்கரம் என்று சத்தியம் செய்வார். பின்னால் இருக்கிறவர் டிக்கி என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

கேட்க வேண்டியது "எப்போ வருது?" என்று. எந்த வேகத்தில், எந்த ரோட்டில், வண்டி சூடான பிறகா, காலையில் எடுத்தவுடனா, பிரேக் மிதிக்கும்போதா, வளைக்கும்போதா, வண்டியில் எத்தனை பேர் இருக்கும்போது. இதில் கடைசிக் கேள்வியை யாருமே கேட்காததால் எங்கள் வீட்டு வண்டி ஒரு வருஷத்தின் பெரும்பகுதியைச் சத்தத்தோடேயே ஓட்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது டீசலில் ஓடும் ஏழு சீட் எஸ்.யு.வி. கம்பெனி பெயர் வேண்டாம். பின்னால் காயில் ஸ்பிரிங், ஒரே துண்டாக இருக்கும் பின் ஆக்சில், அந்த ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் சைலன்சர் குழாய் என்று இதே அமைப்பில் பல கம்பெனி வண்டிகள் வேலூர் ரோடுகளில் ஓடுகின்றன. நான் தினமும் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு அதில்தான் போய் வருகிறேன். பெரும்பாலும் தனியாக. அந்தப் பயணத்தில் ஒரு நாள் கூட அந்தச் சத்தம் வந்தது கிடையாது.

ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் படவேடு போனபோதுதான் முதலில் கேட்டது. முன்னால் நானும் நைனாவும். நடுவில் அம்மா, மனைவி, தங்கை. பின் சீட்டில் என் மகளும் தங்கை மகனும். மிச்சம் இருந்த இடத்தில் பித்தளைப் பானை, அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன். கணியம்பாடி தாண்டி ஒரு ஊர் எல்லையில் வேகத்தடை ஏறி இறங்கினோம். பின்னால் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். பானை உருண்டிருக்கும் என்றார் நைனா. அடுத்த வேகத்தடைக்கு முன் வண்டியை நிறுத்தி, பானையைத் துணி சுற்றி இறுக்கி வைத்தோம். மறுபடியும் டொக். கண்ணமங்கலம் தாண்டி, சந்தவாசல் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது தவறாமல் வந்தது. நல்ல தார் ரோட்டில் எண்பதில் போனால் மூச்சில்லை. மெதுவாக ஏறி இறங்கினால்தான் அடி விழுந்தது.

ஜாப் கார்டில் எழுதப்படாதது

மறுவாரம் சர்வீசுக்கு விட்டேன். வரவேற்பில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "பின்பக்கம் சத்தம்" என்று ஜாப் கார்டில் மூன்று சொல்லுக்கு மேல் எழுத அங்கே இடமும் இல்லை, அவனுக்கு நேரமும் இல்லை. டெஸ்ட் டிரைவுக்கு ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார். "சத்தம் எதுவும் வரலையே சார்" என்றார். உண்மைதான், வந்திருக்காது. நான் சொன்னது உண்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடுகளை மாற்றிக் கொடுத்தார்கள். வேகத்தடையில் டொக் என்று வந்தால் பத்துக்கு ஏழு தடவை அதுதான் என்றார் அங்கிருந்த மூத்த மெக்கானிக். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. லிங்க் ராடின் உருண்டை மூட்டு தேய்ந்தால், ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும் இடங்களில் சரியாக இப்படித்தான் தட்டும்.

அடுத்து ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போனோம். எல்லோரும் ஏறினோம். டொக். திரும்பவும் சர்வீஸ். இந்த முறை பின் ஷாக் அப்சர்பர் இரண்டும். பழைய ஷாக்கில் லேசான எண்ணெய்க் கசிவு இருந்தது, எனக்குக் காட்டினார்கள். மாற்றியதில் தப்பில்லை. வண்டி ஆடுவது குறைந்தது, வளைவில் நிதானம் வந்தது. பணம் ஐந்து இலக்கத்தில் போனது. அதற்குப் பிறகும் ஏழு பேர் ஏறியதும் டொக்.

இந்த முறை எனக்கு வந்தது கோபம் என்று சொல்ல மாட்டேன். வருத்தம் என்பதுதான் சரி. ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது, சத்தம் நின்றால் அதுதான் காரணம் என்பது, நிற்காவிட்டால் அடுத்த பொருளுக்குப் போவது என்று ஒரு பழக்கம் எல்லா இடத்திலும் வேரூன்றிவிட்டது. அதற்குக் காரணம் மெக்கானிக்கின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரு வண்டிக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து வேலை நடக்கும் இடத்தில், சத்தம் வரும் வரை காத்திருந்து கேட்க யாருக்கு நேரம் கொடுக்கிறார்கள்? பொருளுக்கு விலை உண்டு, பில்லில் ஏறும். கேட்பதற்கு பில்லில் ஒரு வரி கிடையாது. அதனால் கேட்பது மெல்ல மெல்ல அந்த வேலையை விட்டே போகிறது. இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஏனென்றால் சத்தம் என்பது வண்டி தன் கோளாறைச் செலவில்லாமல் நமக்குச் சொல்லும் ஒரு வழி.

அம்மாவின் காது

எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தவர் அம்மாதான். அம்மா பிறந்தது குடியாத்தத்தில், நெசவுக் குடும்பத்தில். கைலி நெய்யும் குழித்தறிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், கல்யாணம் ஆகும் வரை, தறியில் குறுக்கே ஓடி வரும் நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றியவர், தாத்தாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் தறியிலும் உட்கார்ந்தவர். தறிவீட்டில் காதுதான் பாதி வேலை செய்யும் என்பார். வரிசையாக ஓடும் தறிகளில் ஒன்றில் இழை அறுந்தால், கண் அங்கே போவதற்கு முன் காது போய்விடுமாம். சமையற்கட்டில் இருக்கும் பாட்டி அங்கிருந்தே குரல் கொடுப்பாராம், "மூணாவது தறியைப் பாரு" என்று.

கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் தூங்கிவிட, அம்மா மட்டும் விழித்திருந்தார். பள்ளிகொண்டா பக்கம் வந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஒரு அடி இல்லடா, ரெண்டு அடி. போய் ஒண்ணு, வந்து ஒண்ணு. நாடா போயி கட்டையில இடிச்சிட்டுத் திரும்பற மாதிரி கீது. மொதல் அடி கெட்டியா விழுது, ரெண்டாவது லேசா." நான் அதுவரை கேட்டது ஒரே அடி. அவர் சொன்ன பிறகு அடுத்த வேகத்தடையில் காது கொடுத்தேன். டொக்-டக். ஆமாம், இரண்டு.

ஓட்டுகிறவர்தான் வண்டியை நன்றாக அறிந்தவர் என்பது பொதுவான நினைப்பு. சத்தத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். ஓட்டுகிறவருக்குக் கண்ணில் வேலை, காலில் வேலை, கையில் வேலை. காதுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம். ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியும், பெடலில் துடிப்பு தெரியும். அவை அவருக்கு மட்டுமே தெரியக் கூடியவை. ஆனால் பின் சக்கரத்துக்கு மேலே, வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது ஓட்டுகிறவருக்குக் கேட்காது. பட்டறைக்கு வண்டியை விடப் போகிறவரோ எப்போதும் ஓட்டுகிறவர் ஒருவர்தான். நேரில் கேட்டவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். குடும்ப வண்டியில் சத்தம் கண்டுபிடிப்பது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாரையும் இட்டுகினு வாங்க

கொணவட்டம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பெயர்ப் பலகை கூட மங்கிப் போயிருக்கும். லாரி, வேன், ஜீப் என்று ஃபிரேம் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு பாய் நடத்துகிறார். அறுபது வயது இருக்கும். நண்பர் ஒருவர் சொல்லி அங்கே போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், மாற்றிய பொருள்களின் பில்லையும் நீட்டினேன். பில்லை அவர் வாங்கவே இல்லை. "தனியா ஓட்டறப்ப வருதா சார்?" என்றார். இல்லை என்றேன். "எத்தினி பேர் ஏறினா வருது?" யோசித்துப் பார்த்தேன். நானும் மனைவியும் குழந்தையும் மட்டும் போன சமயங்களில் வந்ததாக நினைவில்லை. எல்லோரும் போனால் வருகிறது. அதைச் சொன்னதும் அவர் எழுந்துகொண்டார். "அப்ப நீங்க மட்டும் வந்து பிரயோஜனம் இல்ல சார். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இட்டுகினு வாங்க. கோயிலுக்குப் போறப்ப இன்னா சாமான் இருந்துச்சோ அதையும் ஏத்திகினு வாங்க."

வீட்டில் சொன்னால் நம்பவில்லை. பட்டறைக்குக் குடும்பத்தோடு போவதா என்று மனைவி தயங்கினார். அம்மாதான் முதலில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பானை, அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் ஏறின. யார் எந்த சீட்டில் உட்கார்ந்தோமோ அதே சீட்டில் உட்கார்ந்தோம். பட்டறையில் பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்து பார்த்தார். பிறகு நைனாவிடம் மன்னிப்புக் கேட்டு அவரைப் பட்டறையில் உட்காரவைத்துவிட்டு, தான் ஏறி, முன்னால் உட்காராமல், குழந்தைகளுக்கு நடுவில் பின் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். என்னை ஓட்டச் சொன்னார். ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார், கண்ணாடியை ஏற்றச் சொன்னார், பேச வேண்டாம் என்று குழந்தைகளிடம் கையைக் காட்டினார்.

சர்வீஸ் ரோட்டில் முதல் வேகத்தடை. டொக்-டக். பாய் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றச் சொன்னார். சத்தம் குறைந்தது. மூன்றாவதில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏற நேராக விடச் சொன்னார். கெட்டியாக விழுந்தது. லிங்க் ராடு என்றால் இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும், அப்போதுதான் அதன் மூட்டு தட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் பாருக்கு வேலையே இல்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. முதல் பில் முழுவதும் இதிலேயே தேவையில்லாததாகிவிட்டது.

திரும்பி வந்ததும் பாய் செய்த காரியத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எங்கள் யாரையும் இறங்க விடவில்லை. அப்படியே வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, நைனாவையும் முன்னால் ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தான் மட்டும் லைட்டோடு கீழே இறங்கினார். வழக்கமாக வண்டியை ஜாக்கியிலோ லிஃப்டிலோ தூக்கித்தான் பார்ப்பார்கள். பாடியைத் தூக்கினால் சக்கரமும் ஆக்சிலும் கீழே தொங்கிவிடும். இடிக்கும் பொருள்கள் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். பாய்க்கு ஏழு பேர் பாரத்தில் வண்டி அமுங்கி நிற்கும் நிலைதான் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார். என் பாரத்துக்குப் பதில் பட்டறைப் பையனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

கீழே எல்லாம் ஒரே புழுதி நிறம். பாலாற்று மணலும் படவேட்டுச் செம்மண்ணும் கலந்து படிந்திருந்தது. ஆக்சிலுக்கு மேலே சைலன்சர் குழாய் வளையும் இடத்தில் லைட்டைக் காட்டினார். குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துரு இல்லை, புழுதி இல்லை, பளிச்சென்று வெள்ளை இரும்பு தெரிந்தது. அதற்கு நேர் கீழே ஆக்சில் ஹவுசிங்கில் கருப்புப் பெயின்ட் போய் அதே அகலத்தில் இன்னொரு பளபளப்பு. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் கூட நுழையவில்லை. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று பாதிக்கு மேல் கிழிந்து, நீண்டு, குழாயைத் தாழ விட்டிருந்தது. தனியாகப் போகும்போது ஸ்பிரிங் உயர்ந்து நிற்கும், இடைவெளி போதும். ஏழு பேரும் சாமானும் ஏறினால் நானூறு கிலோவுக்கு மேல். பாடி தாழ்கிறது, அதில் தொங்கும் குழாயும் தாழ்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே எழும்போது ஆக்சில் போய்க் குழாயை அடிக்கிறது. கிழிந்த ரப்பரில் குழாய் துள்ளி மறுபடி ஒரு முறை லேசாகத் தொடுகிறது. போய் ஒன்று, வந்து ஒன்று.

பாய் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக் கைப்பிடியால் குழாயை மேலே நெம்பி, சட்டென்று விட்டார். டொக்-டக். மேலே சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் தரைத் தகட்டைத் தாண்டி வந்தது: "இதுதாம்பா. இதேதான்." பாய் கீழே இருந்தபடியே, "சரிங்கம்மா" என்றார். இன்னொரு முறை நெம்பி விட்டார். "ஆங், அதேதான்" என்றார் அம்மா. அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசி முடித்த அந்த அரை நிமிஷத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையோ அப்படி அது நடந்தது. கேட்டவர் சொன்னார், கைவேலை தெரிந்தவர் செய்து காட்டினார், கேட்டவர் சரிபார்த்தார்.

புது ரப்பர் வாங்கிவரப் பையனை அனுப்பினார். பக்கத்து ரப்பரும் வெடிப்பு விட்டிருந்ததால் இரண்டையும் மாற்றினார். வளைந்திருந்த கொக்கியைச் சூடு காட்டாமல் ராடு வைத்து நிமிர்த்தினார். மறுபடி எங்களை எல்லாம் ஏற்றி இடைவெளியைப் பார்த்தார், கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. அதே மூன்று வேகத்தடைகளிலும் ஓட்டிப் பார்த்தோம். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான். நான் கூடுதலாகக் கொடுக்க வந்ததை அவர் வாங்கவில்லை. கேட்டுக் கண்டுபிடித்ததற்கு என்று ஒரு கூலியை அவர் தானாகவே போட்டிருக்கலாம், போட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எப்போது என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள்

அன்றைக்கு அப்புறம் வண்டிச் சத்தம் பற்றிப் பாயிடமும் மற்றவர்களிடமும் நிறையக் கேட்டிருக்கிறேன், நானும் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. எனக்குப் பயன்பட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது என்று பார்ப்பதுதான் முதல் படி. வண்டி நின்றிருக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா? அப்படியென்றால் எஞ்சினும் அதில் மாட்டியிருப்பவையும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டாலும் வேகத்துக்கு ஏற்றபடி வருகிறதா? அப்படியென்றால் சக்கரம், பேரிங், டயர், பிரேக் பக்கம். சுழலும் பொருள்களின் தாளத்தையும் கணக்குப் போடலாம். இந்த அளவு வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் சக்கரம் விநாடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் விநாடிக்கு இரண்டு மூன்று முறை 'டக் டக்' என்று வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. டயரில் குத்திய ஆணியாகவும் இருக்கலாம். அதைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக வந்தால் பின் சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் அது சக்கரத்தைப் போல அத்தனை மடங்கு சுற்றுகிறது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்று ஓர் அடி விழுந்தாலும் அதே ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் ஜாயின்ட் கிராஸைப் பார்க்கச் சொல்வார்கள்.

பெங்களூர் ஹைவேயில் வாணியம்பாடி வரை போய் வருகிறவர்கள் அதிகம் சொல்வது 'ஊம்' என்ற ஓர் இரைச்சல். ஐம்பதில் தொடங்கி, வேகம் ஏற ஏற ஏறும், எஞ்சின் வேகத்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்காது. வீல் பேரிங்காக இருக்கலாம், தேய்ந்த டயராகவும் இருக்கலாம். காலியான ரோட்டில் வண்டியை மெல்ல இடது வலமாக வளைத்துப் பார்த்தால் பேரிங் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வளைத்தும் மாற்றம் இல்லையென்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் டயர். என் அத்தை மகன் வண்டியில் பேரிங் என்று சொல்லப்பட்டது இப்படித்தான் டயர் என்று தெரிந்தது. டயரின் விளிம்பைக் கையால் தடவினாலே மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது.

காலையில் எடுத்தவுடன் 'கீச்' என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்குவது பெரும்பாலும் பெல்ட். எஞ்சின் ஓடும்போது, கை, துணி எதுவும் கிட்டே போகாதபடி தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பள்ளங்கள் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். சத்தம் உடனே அடங்கிப் பிறகு திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை. கிளட்ச் மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்கும் சத்தம் என்றால் கியர்பாக்ஸ் உள்ளே. ஜமுனாமரத்தூர் மலைப் பக்கம் போய் வந்த பிறகு சக்கரத்தில் இரும்பைக் கிழிக்கிற மாதிரி கத்தினால், பயப்படும் முன் பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போனால் சில சமயம் அதுவே விழுந்துவிடும்.

இதோடு ஓர் இடத்துப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஹைவே உயர்ந்து போகும் இடத்தில் நீளமாக ஒரு சுவர் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால், சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதில் விழும். போகும்போது ஒரு பக்கம், திரும்பி வரும்போது இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடும். காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்தில் இணைப்புகளைத் தாண்டும்போது வரும் சீரான தடக் தடக்கும் எனக்கு உதவும். எல்லா இணைப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அதனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சத்தம் மாறினால் கோளாறு வண்டியில். வண்டியில் டேஷ்கேம் இருந்தால் அதன் ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள். நேரமும், சில டேஷ்கேம்களில் வேகமும், திரையிலேயே இருக்கும். பட்டறையில் போட்டுக் காட்டலாம்.

வெயில் காலச் சத்தங்களை நான் தனியாக வைத்துக்கொள்கிறேன். கத்திரியில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு, கதவுப் பட்டைகள், சீட் பெல்ட் மூடிகள் எல்லாம் விரிந்து, ஏ.சி. போட்டதும் சுருங்கி, முனகிக்கொண்டே வரும். அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. பின் சீட்டின் பூட்டு, ஜாக்கி, ஸ்டெப்னியைத் தாங்கும் போல்ட் இவற்றை மட்டும் கையால் ஆட்டிப் பார்த்தால் போதும். எங்கள் வண்டியில் இன்னும் டிக்கிக் கதவில் ஒரு கிணுகிணுப்பு இருக்கிறது. அதை ரப்பர் பட்டை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும், அவசரமில்லை.

காத்திருக்கக் கூடாதவை

இத்தனை பொறுமையாகக் கேட்கச் சொன்னதால், எல்லாச் சத்தத்துக்கும் பொறுமை காட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரேக் மிதித்தால் மெல்லிய கீச்சு வருவது பல வண்டிகளில் பேட் தேய்ந்துவிட்டதற்காகவே வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு. சில நாளில் மாற்றிவிடலாம். அதுவே 'கர்ர்' என்று இரும்போடு இரும்பு உராயும் சத்தமாக மாறினால் அடுத்த பட்டறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஆயில் விளக்கு எரிந்து, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கனமாகத் தட்டினால் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு வண்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள். ஏற்றத்தில் 'ஸ்ஸ்' என்று காற்று கசியும் சத்தமும் கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் எஞ்சினுக்கு அழுத்திய காற்றைக் கொண்டுபோகும் டர்போ குழாய் விலகியிருக்கலாம், மலை ஏறாதீர்கள்.

இன்னொன்று, நம் ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுவது. ஹைவே ஓரத்தில் பஞ்சர் போட்டுக்கொண்டு அவசரமாகக் கிளம்புகிறோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மெதுவாக 'டக்... டக்...' என்று தொடங்கி, வேகம் ஏறினால் கூடுகிறது என்றால் அது வீல் நட்டு தளர்ந்திருப்பதாக இருக்கலாம். உடனே ஓரம் கட்டி, ஸ்பேனரை எடுத்து எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். சத்தம் வராவிட்டாலும் 50, 100 கிலோமீட்டர் போனதும் ஒருமுறை இறங்கி இறுக்கிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. படவேடு போகும்போது பின்னால் தூங்கிக்கொண்டு வரும் இரண்டு குழந்தைகளை நினைத்து நான் இதை இப்போது தவறாமல் செய்கிறேன்.